சிறு கடையும் பேரங்காடியும்

உப்பு வாங்குவதற்காகச் செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரத்திற்கு ரயிலேறிப் போவார் எவரும் இல்லை. கல்யாணப் புடவை வாங்குவதற்காகத் தெருமுனைக் கடைக்குப் போவாரும் இல்லை. உப்புக்கு நாம் நடக்கும் தூரம் ஒன்று. பட்டுக்கு நாம் போகும் தூரம் வேறு. மிகவும் எளிய இந்த உண்மைதான் நகர அமைப்புக் கலையின் ஒரு பெரிய பகுதிக்கு அடிப்படை. இதை மறந்துவிட்டு வரையப்படுகின்ற திட்டம் வரைபடத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், மண்ணில் இறங்கும்போது தடுமாறிப் போகிறது.

1933ஆம் ஆண்டில் வால்டர் கிறிஸ்டாலர் என்னும் ஜெர்மானியப் புவியியல் அறிஞர் தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து ஒரு கொள்கையை வெளியிட்டார். ஒவ்வொரு பண்டத்திற்கும், ஒவ்வொரு பணிக்கும் இரண்டு அளவுகள் உண்டு என்றார் அவர். அந்தக் கடை பிழைத்திருக்க வேண்டுமானால் அதை நாடி வருபவர் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது ஓர் அளவு. அந்தப் பண்டத்திற்காக மக்கள் மிகுதியாகப் போனால் இத்தனை தூரம் போவார்கள் என்பது மற்றோர் அளவு. உப்பும் புளியும் விற்கும் கடைக்கு ஒரு தெருவின் ஆதரவு போதும். மருந்துக் கடைக்குச் சில தெருக்கள் வேண்டும். நகைக் கடைக்கு ஓர் ஊரே வேண்டும். அறுவை மருத்துவக் கருவிகள் விற்கும் கடைக்கு ஒரு மாவட்டமே போதாது. ஆகவே சிறு கடைகள் பலவாகவும் அடுத்தடுத்தும் இருக்கின்றன; பெரு வணிக நிலையங்கள் சிலவாகவும் தொலைவிலும் இருக்கின்றன.

கிறிஸ்டாலர் வகுத்துச் சொன்னதை நம் முன்னோர் நடைமுறையில் அறிந்திருந்தார்கள். சிலப்பதிகாரத்தில் வரும் புகார் நகரை எண்ணிப் பாருங்கள். கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்போரும், உப்பு விற்போரும், நெசவாளரும், கொல்லரும், கடல் கடந்து வந்த யவனரும் இருந்தார்கள். உள்ளே பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெருவணிகர் மாளிகைகளும் இருந்தன. இரண்டிற்கும் நடுவே, மரங்களே தூண்களாக நின்ற சோலையில், பகற்பொழுதில் நாளங்காடி கூடிற்று. மாலையில் அல்லங்காடி. இங்கே மூன்று செய்திகள் உள்ளன. வணிகத்தின் வகைக்கு ஏற்ப இடம் பிரிந்திருந்தது. நேரத்திற்கு ஏற்பவும் அங்காடி மாறிற்று. இரு பகுதி மக்களும் சந்திக்கும் நடுநிலத்தை யாரும் கட்டடம் எழுப்பி அடைத்துவிடவில்லை. இன்றைய நகர அமைப்பு நூல்களும் ஏறக்குறைய இவற்றையேதான் வேறு சொற்களில் சொல்லுகின்றன.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செங்கற்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. 2022ஆம் ஆண்டில் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து மடங்கு! ஒரு காலத்தில் சென்னைக்கு அப்பாலிருந்த செங்கற்பட்டும் மாமல்லபுரமும் இன்று அதன் திட்ட எல்லைக்குள் வந்துவிட்டன. இவ்விரு ஊர்களுக்கும் புதுநகர் வளர்ச்சித் திட்டம் வகுக்கும் பணியைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மேற்கொண்டிருக்கிறது. எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் ஆலை, எந்த இடத்தில் ஏரியும் வயலும் அப்படியே நிற்க வேண்டும் என்பதை இந்தத் தலைமுறையில் நாம் முடிவு செய்யப் போகிறோம். முடிவு செய்தபின் அதை மாற்றுவது எளிதன்று. சாலையை ஒருமுறை போட்டுவிட்டால், பேரங்காடியை ஒருமுறை கட்டிவிட்டால், அவை நூறாண்டுக்கு அங்கேயே நிற்கும்.

செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவு. நடுவழியில் திருக்கழுக்குன்றம். ஆனால் இரண்டு ஊர்களின் வணிகமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. செங்கற்பட்டு ரயில் சந்திப்பு. சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் பாதையும், காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் செல்லும் பாதையும் அங்கே பிரிகின்றன. பெருஞ்சாலையும் அருகே ஓடுகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றங்கள், அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவை அங்கே இருக்கின்றன. சுற்றுக் கிராமத்தார் ஒரு மனு கொடுக்க வருவர். வந்த இடத்தில் விதை வாங்குவர், பாத்திரம் வாங்குவர், நோயாளியைப் பார்த்துவிட்டுப் போவர். அன்றாடத் தேவைகளால் வாழும் கடைத்தெரு அது.

மாமல்லபுரத்திற்கு ரயில் இல்லை. அங்கே வருபவர் கல்லைக் காண வருகின்றார். கடலைக் காண வருகின்றார். பல்லவர் காலத்தில் அது துறைமுகம். பண்டம் நிறைந்த கலங்கள் நின்ற கடல்மல்லையைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். இன்று அங்கே வந்து இறங்குவது பண்டம் அன்று, பயணிகள். 1984ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் அதன் நினைவுச் சின்னங்களை உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. 2022ஆம் ஆண்டில் சதுரங்க ஒலிம்பியாடு அங்கே நடந்தது. இப்படி உலகமே வந்து போகின்ற ஊரில் வணிகம் திருவிழாவைப் போலப் பொங்கி, திருவிழாவைப் போலவே வடியும்.

வடிவதென்றால் அடியோடு வடிந்துபோவதும் உண்டு. மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் என்றோர் ஊர் இருக்கிறது. ஒல்லாந்தர் அங்கே கோட்டை கட்டித் துணி வாணிகம் நடத்தினார்கள். கடல் கடந்து போன மெல்லிய துணிக்குப் பெயர் பெற்ற இடம். இன்று கோட்டையின் இடிந்த சுவர்களும் ஒல்லாந்தர் கல்லறைகளும் இருக்கின்றன; அன்றைய வாணிகம் இல்லை. ஒரே ஒரு பெருவணிகத்தின்மேல் சாய்ந்து நிற்கும் ஊர், அந்தத் தூண் விலகும்போது என்னவாகும் என்பதற்கு இது சான்று.

இதைப் பழங்கதை என்று எண்ண வேண்டாம். 1975ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சென்னையின் முதல் பெருந்திட்டத்தில், நகரின் நெரிசலைத் தாங்குவதற்காக மறைமலைநகர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ஆகிய மூன்று துணை நகரங்கள் குறிக்கப்பட்டன. மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகர் செங்கற்பட்டுக்கு வடக்கே 1980ஆம் ஆண்டு முதல் உருவாயிற்று. வேலை செய்யும் இடமும் வாழும் இடமும் அருகருகே இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1898ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு எபனேசர் ஹோவர்டு எழுதிய பூங்கா நகர்க் கொள்கையின் தூரத்து வாரிசு என்று அதைச் சொல்லலாம். ஆலைகள் வந்தன, மக்கள் குடியேறுவதோ மெல்லத்தான் நடந்தது. பின்னர் போர்டு நிறுவனத்தின் பெரிய மோட்டார் தொழிற்சாலை வந்தது. 2021ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் இங்கே கடைசி வண்டி வெளிவந்தது. தொழிற்சாலையை மீண்டும் பயன்படுத்தப் போவதாக 2024இல் அது தெரிவித்தது. இத்தகைய பேராலையின் கதவு மூடும்போது உள்ளே வேலை செய்தவர் மட்டுமா பாதிக்கப்படுகிறார்? வாசலில் தேநீர் விற்றவரும், அறையை வாடகைக்கு விட்டவரும், சோறு ஆக்கிப் போட்ட அம்மையாரும் சேர்ந்தே பாதிக்கப்படுகின்றனர். பெரியதன் நிழலில் சிறியது வாழ்கிறது. ஆகவே பல நிழல்களை உண்டாக்குவதே அறிவுடைமை.

வணிகத்தை அளவு பார்த்து வகுத்த நகரங்கள் நம் நாட்டில் இல்லாமலில்லை. சண்டிகரில் ஒவ்வொரு பிரிவின் ஊடேயும் ஒரு கடைவீதி செல்லுகிறது. அன்றாடப் பொருளுக்கு யாரும் பெருஞ்சாலையைக் கடக்க வேண்டியதில்லை. பெருவணிகத்திற்கென்று 17ஆம் பிரிவு தனியாக ஒதுக்கப்பட்டது. தில்லியின் 1962ஆம் ஆண்டுப் பெருந்திட்டம் படிக்கட்டு முறையில் அங்காடிகளை வகுத்தது: வீட்டருகே சில கடைகள், பல தெருக்களுக்குப் பொதுவான சிற்றங்காடி, அதற்கு மேல் சமுதாய மையம், அதற்கும் மேல் வட்டார மையம். நேரு பிளேஸ் அத்தகைய வட்டார மையங்களுள் ஒன்று.

ஆனால் தில்லி நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. திட்டம் தாளில் சரியாக இருந்தது. மக்கள் பெருகிய வேகத்திற்குச் சிறு அங்காடிகள் எழவில்லை. தேவை காத்திருக்குமா? வீடுகளின் கீழ்த்தளங்கள் கடைகளாயின. பல்லாண்டுகள் கழித்து, 2006ஆம் ஆண்டில், உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி ஆயிரக்கணக்கான கடைகள் முத்திரையிடப்பட்டன. வியாபாரிகள் தெருவில் இறங்கினர். அதன்பின் 2007ஆம் ஆண்டு புதிய பெருந்திட்டம் குறிப்பிட்ட தெருக்களில் வீடும் கடையும் கலந்திருக்க இடம் கொடுத்தது. சட்டத்தை மீறியவர்கள் அவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. சிறு கடைக்கு உரிய காலத்தில் உரிய இடத்தைக் கொடுக்கத் தவறியது யார் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

பெரிய அளவில் செய்யத் தக்கதைப் பெரிய அளவில்தான் செய்ய வேண்டும் என்பதற்குக் கோயம்பேடு சான்று. சென்னைக்குக் காய்கறி வந்து இறங்கிய இடம் ஒரு காலத்தில் கொத்தவால்சாவடி. குறுகிய தெருக்கள், நள்ளிரவில் லாரிகள், விடியலில் சேறு. மொத்த வியாபாரம் நகரின் நடுவே இருக்கலாகாது என்று முடிவு செய்து, 1996ஆம் ஆண்டில் அதைக் கோயம்பேட்டிற்கு மாற்றினார்கள். காய், கனி, மலர் ஆகியவற்றிற்குத் தனித்தனி வளாகம் எழுந்தது. லாரி நிற்கவும் திரும்பவும் இடம் கிடைத்தது. கொத்தவால்சாவடித் தெருக்கள் மூச்சுவிட்டன. ஆயினும் 2020ஆம் ஆண்டு மே மாதம் கொரோனா நோய் அந்த ஒரே அங்காடியில் பரவியபோது அதை மூட நேர்ந்தது. வாணிகம் தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போயிற்று. ஒன்றிலேயே எல்லாவற்றையும் குவிப்பதில் வசதியும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. தெற்கே விரிந்துவரும் செங்கற்பட்டுப் பகுதிக்கு மொத்த அங்காடி எங்கே அமைய வேண்டும் என்று எண்ணுவோர் இந்த இரண்டையும் ஒருங்கே எண்ண வேண்டும்.

இணைப்பில்லாத இடத்தில் பெரிய நிலையம் எழுந்தால் என்னவாகும் என்பதையும் அண்மையில் கண்டோம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் கிளாம்பாக்கத்தில் பெரிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. திறந்த நாளில் அதன் அருகே ரயில் நிறுத்தம் இல்லை. ஊரிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கியவர்கள் மூட்டை முடிச்சுகளோடு நகருக்குள் செல்ல இன்னொரு வண்டியைத் தேட வேண்டியிருந்தது. கட்டடம் பெரிதாக இருப்பது மட்டும் போதாது. அதைச் சென்றடையும் வழியும் அதே அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும்.

இனி மாமல்லபுரத்தின் சிக்கலைப் பார்ப்போம். அங்கே நிலத்தின்மேல் இரண்டு சட்டங்கள் நிற்கின்றன. தொல்சின்னங்களைக் காக்கும் சட்டத்திற்கு 2010ஆம் ஆண்டில் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். 1991ஆம் ஆண்டு முதல் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் வேறு இருக்கின்றன. அவை உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கண்காணிக்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப் பேரலை வந்து போனபின், இந்த விதிகள் வேண்டாதவை என்று யார் துணிந்து சொல்ல முடியும்? விதிகள் வேண்டும். ஆனால் விதியின் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவாக விழுவதில்லை. பெரிய உணவு விடுதி கட்டுபவர் வழக்கறிஞரையும் பொறியாளரையும் வைத்துக்கொண்டு தொலைவில் நிலம் வாங்கிக்கொள்வார். கோயிலுக்கு அருகில் பரம்பரையாகக் குடியிருப்பவர் ஒழுகும் கூரையைப் புதுப்பிக்கவும் அனுமதிக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் நான் அங்கே ஒரு சிற்பக் கூடத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். உளியோசை இடைவிடாது கேட்டது. வயது முதிர்ந்த சிற்பி ஒருவரிடம், "ஊருக்கு வெளியே சிற்பிகளுக்கென்று ஒரு வளாகம் கட்டிக் கொடுத்தால் போவீர்களா, ஐயா?" என்று கேட்டேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கல்லு இறக்க லாரி வரணும், தம்பி. தூசி பறக்க இடம் வேணும். அதுக்கு ஊருக்கு வெளியே போறது சரிதான். ஆனா கோயிலைப் பார்த்துட்டுத் திரும்பறவங்க கண்ணிலே நான் வேலை செய்யறது படணும். படலேன்னா எனக்கு வியாபாரம் இல்லே."

நகர அமைப்பு அறிஞர் ஒருவர் நீண்ட அறிக்கையில் எழுதக்கூடியதை அவர் நான்கு வரியில் சொல்லிவிட்டார். அவருடைய தொழில் ஒன்றே. ஆனால் அதில் இரண்டு அளவுகள் இருக்கின்றன. பெருங்கல்லை அறுப்பதும் உருட்டுவதும் தொழிற்கூடத்தின் அளவு. அதற்கு அகன்ற சாலையும், மூச்சுக்குள் புகும் கல்தூசியை அடக்கும் ஏற்பாடும், குடியிருப்பிலிருந்து சற்று விலகிய இடமும் வேண்டும். சிறு சிலையைச் செதுக்கி முடித்து விற்பது கடையின் அளவு. அதற்கு நடந்து செல்வோரின் கண்பார்வை வேண்டும். முன்னதை வெளியிலும், பின்னதை ஊருக்குள் நடைபாதை ஓரத்திலும் வைத்தால் சிற்பியும் பிழைப்பார், ஊரும் பிழைக்கும். இரண்டையும் சேர்த்து வெளியே தள்ளினால், 1957ஆம் ஆண்டு முதல் அவ்வூரில் சிற்பக் கல்வி கொடுத்துவருவதன் பயன் என்ன? 2017ஆம் ஆண்டில் மாமல்லபுரக் கற்சிற்பத்திற்குக் கிடைத்த புவிசார் குறியீட்டின் பயன்தான் என்ன?

மீனவர் நிலையும் இதனையொத்ததே. கரையில் படகை ஏற்றி வைக்கவும், வலையை உலர்த்தவும், மீனை ஏலம் விடவும் அவர்களுக்குத் திறந்த மணல் வேண்டும். வரைபடத்தில் அந்த மணல் வெறும் வெற்றிடமாகத் தெரியும். வெற்றிடம் என்று எண்ணி அங்கே விடுதியின் மதிலை எழுப்பினால், கடலுக்குப் போகும் வழி அடைபடும். வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் உபயோகமற்ற இடம் என்று நினைப்பது திட்டம் வகுப்போருக்கு நேரக்கூடிய பெரும் பிழை. செங்கற்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஏரிக்கு நீர் வரும் கால்வாயும் கோடையில் வெற்றிடமாகத்தான் தெரியும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் முடிச்சூர்ப் பகுதியில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, நீர் தன் பழைய வழியை மறக்கவில்லை என்பதை எல்லாரும் அறிந்தோம். ஒரு சிறு கடையின் கூரையில் விழும் மழையை மண் உறிஞ்சிக்கொள்ளும். பல ஏக்கர் பரப்புள்ள வளாகத்தின் கூரையிலும் கற்காரைத் தரையிலும் விழும் மழை எங்கே போவது? ஆதலின் பெரிய கட்டடத்திற்குப் பெரிய பொறுப்பும் உண்டு: தன் நிலத்தில் விழும் நீரைத் தானே தேக்கவும், வரும் வண்டிகளைத் தன் எல்லைக்குள் நிறுத்தவும் அது கடமைப்பட்டது.

எல்லாரினும் சிறிய அளவில் வணிகம் செய்பவர் நடைபாதை வியாபாரி. செங்கற்பட்டு ரயில் நிலைய வாசலில் பூவும் பழமும் விற்பவர் அவர். திட்டப் படங்களில் அவருக்கு நெடுங்காலம் இடமே இருந்ததில்லை. 2014ஆம் ஆண்டில் நிறைவேறிய தெருவோர வியாபாரிகள் சட்டம் அவருக்கு ஓர் இடம் கொடுத்தது. ஊர்தோறும் விற்பனைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினரில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் தெருவோர வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்பது அச்சட்டம். கணக்கெடுக்கும் முன்னே யாரையும் அகற்றலாகாது என்றும் அது கூறுகிறது. புதிய பேருந்து நிலையமோ பேரங்காடியோ வரைகின்ற பொறியாளர், பூக்காரியின் கூடைக்கும் சில சதுர அடிகளை முதலிலேயே குறித்துவிட்டால், பிற்காலத்தில் போலீசாரை அழைத்து அவரை விரட்ட வேண்டிய தேவை எழாது.

மாணவர்களே! இவை நமக்கு எட்டாத பெரிய செய்திகள் என்று நீங்கள் எண்ணலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். எத்தனை கடைகள் இருக்கின்றன என்று குறியுங்கள். ஒவ்வொரு கடைக்காரரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சரக்கு எங்கிருந்து வருகிறது? வாங்க வருபவர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்? நாளில் எந்த வேளையில் கூட்டம் மிகுதி? விடைகளை வரைபடத்தில் எழுதுங்கள். எந்தக் கடை தெருவுக்கு உரியது, எது ஊருக்கு உரியது, எது தவறான இடத்தில் அகப்பட்டுத் தவிக்கிறது என்பது உங்கள் கண்முன்னே தெரியும்.

பெருந்திட்டத்தின் வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது நம் மாநில நகர ஊரமைப்புச் சட்டத்தின் விதி. கேட்கும்போது பேச வருபவர்கள் பெரும்பாலும் பெருநிலம் உடையவர்கள். பூக்காரி வருவதில்லை, சிற்பி வருவதில்லை, வலை உலர்த்துபவர் வருவதில்லை. அவர்கள் நாள் முழுவதும் உழைத்தால்தான் அன்றைய உணவு. அவர்களுக்காக ஒரு வரைபடத்தையாவது எடுத்துக்கொண்டு போகக்கூடியவர்கள் நீங்கள். செங்கற்பட்டும் கடல்மல்லையும் வளரத்தான் போகின்றன. அந்த வளர்ச்சியில் பெரியதற்கு உரிய இடமும் சிறியதற்கு உரிய இடமும் இருக்குமா என்பது, உங்களைப் போன்றோர் இன்று எடுத்துக்கொள்ளும் அக்கறையைப் பொறுத்தது.